ஊருணிக்கு அடித்த சாவுக்கொட்டு

என் தம்பி மகனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் சேர்ந்து பாடுகிறார்கள். பாட்டு என்றால் நாம் நினைக்கிற பாட்டு இல்லை. ஒருவன் லேப்டாப்பில் இடி இடிக்கிற மாதிரி ஒரு சத்தத்தைப் போட்டுவிடுவான். இன்னொருவன் தப்பு, அதாவது பறை, அடிப்பான். அதற்கு மேலே தம்பி மகனும் ஒரு பெண்ணும் மூச்சு விடாமல் பேசுவார்கள். பேசுவது வரிக்கு வரி ஒத்துப்போய் விழும். முதல் தடவை கேட்டபோது பாடுகிறார்களா, சண்டை போடுகிறார்களா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"இதுக்குப் பேரு ஹிப் ஹாப், அத்தை. பேசுறதத்தான் தாளத்துல பேசுறோம்" என்றான்.

"பேசுறதுதான் பாட்டுன்னா ஒங்க ஆத்தாதான்டா இந்த ஜில்லாவுலயே பெரிய பாடகி" என்றேன்.

உள்ளே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அவன் ஆத்தா, "எனக்குக் காது நல்லாக் கேக்குது மதினி" என்றாள்.

நால்வரும் புதுக்கோட்டையில் காலேஜ் படித்தபோது சேர்ந்தவர்கள். மத்தியானம் சாப்பிட்டு முடித்த டிபன் பாக்ஸைத் தட்டித்தான் ஆரம்பித்தார்களாம். லேப்டாப்காரன் மணமேல்குடி. அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். அந்தப் பெண் பொன்னமராவதிப் பக்கம், இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ். தப்பு அடிக்கிறவன் கீரமங்கலத்தில் பூ மண்டியில் வேலை பார்க்கிறான். கூட்டத்துக்குத் 'தெற்குத் தெரு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அது எங்கள் தெரு. சென்னையில் யாரோ அது எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டதற்கு, "எல்லா ஊருலயும் ஒன்னு இருக்கும், போய்ப் பாருங்க" என்றானாம் தம்பி மகன். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவனிடம் சொல்லவில்லை. இப்போதே தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருக்கிறது.

அவர்கள் முதன்முதலில் மேடை ஏறியது ஒரு பொங்கல் விழாவில். மலக்குழிக்குள் இறங்கிச் செத்துப்போன ஒருவனைப் பற்றிப் பாடினார்கள். பாதியில் மைக் நின்றுவிட்டது. விழா நடத்தியவர் வந்து, "நல்ல நாளும் அதுவுமா குழியப் பத்திப் பாடுறீங்களே தம்பி" என்றார். நால்வரும் மேடையிலிருந்து குதித்து, சனத்துக்கு நடுவில் நின்று, மைக் இல்லாமலே மீதியைப் பாடி முடித்தார்கள். யாரோ அதைச் செல்போனில் பிடித்துப் போட்டுவிட, துபாயில் இருக்கிற பிள்ளைகள் வரைக்கும் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஏறாத மேடை இல்லை. படிக்கிற பெண்ணைப் பாதியில் நிறுத்திக் கட்டிக் கொடுப்பதைப் பற்றி ஒன்று பாடினார்கள். அது அந்த நர்ஸ் பெண் எழுதியது. வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று ஏமாற்றும் ஏஜெண்டைப் பற்றி ஒன்று. படகுக்கு டீசல் போட முடியாமல் கரையிலேயே உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி ஒன்று. எனக்குப் பாதி புரியும், பாதி சத்தத்தில் போய்விடும்.

ஆனால் அவர்களுக்கு அதிகம் பேர் வாங்கிக் கொடுத்த பாட்டு ஊருணிப் பாட்டு. அந்தக் கதை நான் சொன்னது. அதைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்றைக்கு இருப்பது நான் ஒருத்திதான். பாட்டில் வந்தது கொஞ்சம், வராதது கொஞ்சம். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவைக்கிறேன்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். என் சித்தப்பா, அதாவது எங்கள் அய்யாவின் தம்பி, ஊருக்குத் தப்பு அடிப்பவர். சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டோடுதான் இருந்தார். சாமி புறப்பட்டால் அவர் அடிக்க வேண்டும். யாராவது செத்தால் அவர் அடிக்க வேண்டும். வரி கட்டச் சொல்வது, கண்மாய் மடை திறப்பது, காணாமல்போன மாடு என்று ஊருக்குச் சொல்ல வேண்டிய சேதி எதுவானாலும் தண்டோரா போடுவதும் அவரே. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டு உண்டு. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு எண்ணத் தெரிவதற்கு முன்பே கொட்டு தெரியும். படுத்துக்கொண்டே, இது சாமிக்கு, இது சாவுக்கு, இது சேதிக்கு என்று சொல்லிவிடுவோம்.

சாவுக்கொட்டுக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அதை அடித்த நேரத்திலிருந்து ஊரில் யாரும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, ஊருணியில் தண்ணீர் எடுக்கக் கூடாது. வீட்டில் பிடித்துவைத்த தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும். பிணத்தை எடுத்து, அடக்கம் முடிந்து, 'முடிந்தது' என்று சொல்கிற கொட்டை அடித்த பிறகுதான் எல்லாம். ஆரம்பித்தவன் கைதான் முடித்து வைக்க வேண்டும். வேறு ஆள் முடித்தால் இன்னொரு சாவு விழும் என்று நம்பினார்கள்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஊருக்குக் குடிதண்ணீர் ஊருணிதான். அதில் வடகரைத் துறை பெரிய தெருக்காரர்களுக்கு, தென்கரைத் துறை எங்களுக்கு. தண்ணீர் வற்றி இரண்டு துறைக்கும் நடுவில் சின்னக் குளமாக ஒடுங்கிப்போனது. ஊர் கூடிப் பேசினார்கள். எங்கள் தெருவிலிருந்து யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. நாளையிலிருந்து தெற்குத் தெருக்காரர்கள் ஊருணியில் இறங்கக் கூடாது, கண்மாய்க்குப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு. கண்மாயில் அப்போது எருமைகள்தான் படுத்துக் கிடந்தன. ஊருக்குத் தலைவராக இருந்த அம்பலக்காரர் சித்தப்பாவைக் கூப்பிட்டு, காலையில் தண்டோரா போட்டுவிடு என்று சொல்லி அனுப்பினார்.

சித்தப்பா வீட்டுக்கு வந்து எங்கள் ஆத்தாவிடம் சேதியைச் சொன்னார்.

"இத ஒங்க வாயாலயே போய்ச் சொல்லப் போறீங்களா?" என்றாள் ஆத்தா.

"வேற யாரு இருக்கா மதினி, ஊருக்குச் சேதி சொல்ல" என்றார் சித்தப்பா.

காலையில் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார். காய்ச்சினால் தோல் விறைத்துச் சத்தம் நன்றாக எழும்பும். நானும் கூடவே போனேன். ஆத்தா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். சித்தப்பா தண்டோரா போடப் போனால் பின்னால் நடப்பது என் உரிமை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

பெரிய தெரு முனையில் நின்று அடிக்க ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது தண்டோராக் கொட்டு இல்லை, சாவுக்கொட்டு.

வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "சித்தப்பா, மாத்தி அடிக்கிறீங்க."

"பேசாம வா ஆத்தா" என்றார்.

வீட்டு வீட்டுக்கு ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒருத்தி மாவுக் கையோடு ஓடிவந்து, "யாருப்பா? எந்த வீட்டுல?" என்றாள். எதிர்வீட்டுப் பெண், "நேத்துத்தானே மேலவீட்டுப் பெரியவரப் பாத்துட்டு வந்தேன்" என்று அழவே தொடங்கிவிட்டாள். அந்தப் பெரியவர் அவளுக்குப் பின்னாலேயே வந்து நின்று, "நான் இங்கதான்டி இருக்கேன்" என்றார்.

சித்தப்பா தப்பை நிறுத்தினார். தண்டோராவுக்குச் சொல்கிற அதே இழுவையோடு சொன்னார். "ஊருச் சனங்களே, நல்லாக் கேட்டுக்கங்க! நம்ம ஊருணி தெக்குத் தெருவுக்கு இல்லைன்னு முடிவாகிப்போச்சு! தெக்குக் கரையில ஊருணி செத்துப்போச்சு சாமீ!" சொல்லிவிட்டு மறுபடியும் சாவுக்கொட்டு. அப்படியே தெருத் தெருவாக.

எனக்கு அவமானமாக இருந்தது. எங்கள் சித்தப்பாவுக்குக் கொட்டு மறந்துவிட்டது என்று ஊரே சிரிக்குமே என்று வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். ஆத்தாவிடம் சொன்னேன். அவள் அடுப்பில் வைத்திருந்த உலையை இறக்கிவைத்தாள்.

ஊரில் ஆண்கள் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள். ஊருணிக்குச் சாவுக்கொட்டா, கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். ஆனால் அம்பலக்காரர் வீட்டிலேயே அவர் தாயார் வாசலுக்கு வந்து, "கொட்டுன்னா கொட்டுத்தான். சாமி குத்தமாயிரும். பானையக் கவுத்துங்கடி" என்று சொல்லிவிட்டாளாம். அம்பலக்காரர் ஊருக்குத்தான் பெரியவர். வீட்டுக்கு அந்தம்மாதான். அவர்கள் வீட்டுப் பானை கவிழ்ந்ததும் அடுத்த வீட்டுப் பானை கவிழ்ந்தது. உச்சிவெயில் ஏறும்போது பெரிய தெருவில் ஒரு அடுப்பும் எரியவில்லை. ஊருணிக் கரையில் இரண்டு பக்கமும் ஆள் இல்லை. பக்கத்து ஊர்த் தப்புக்காரரிடம் ஆள் அனுப்பி, வந்து முடித்து வை என்று கேட்டிருக்கிறார்கள். "ஆரம்பிச்சவன் இருக்கையில நான் கை வச்சா ஒங்க ஊருல இன்னொரு சாவு விழும், பரவாயில்லையா?" என்று அவர் கேட்க, போனவர்கள் திரும்பிவிட்டார்கள்.

பொழுது சாயும்போது அம்பலக்காரரும் நாலைந்து பேரும் எங்கள் தெரு முனைக்கு வந்தார்கள். தெருவுக்குள் வரவில்லை. சித்தப்பா புளியமரத்தடியில் தப்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"என்னடா வெளையாட்டு இது?" என்றார் அம்பலக்காரர்.

"நீங்க சொன்ன சேதியத்தாங்க சொன்னேன்."

"புள்ள குட்டியெல்லாம் தொண்டை காஞ்சு கெடக்கு. வந்து முடிச்சு வையி."

"பொணம் கெடக்கையில எப்படிங்க முடிக்கிறது? எந்திரிச்சிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே முடிச்சுப்புடுறேன்."

கூட வந்தவர்களில் ஒருவர் கையை ஓங்கினார். அம்பலக்காரர் தடுத்தார். அவருக்கும் காலையிலிருந்து சோறு இல்லை. ஊருணிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி, எப்பவும் போல எறங்கிக்கங்க" என்றார்.

சித்தப்பா முடிகிற கொட்டை அடித்தார். எங்கள் தெருப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தென்கரைத் துறைக்குப் போனார்கள். என் ஆத்தாதான் முதலில் இறங்கினாள்.

தம்பி மகன் பாட்டு இங்கேதான் முடிகிறது. "ஊத்துக்குத் தெரியுமா தெக்கு வடக்கு, ஒங்க கையிதானே போட்டுச்சு கணக்கு" என்று அந்தப் பெண் கேட்க, தப்பு எழும்பி நிற்க, சனம் ஆர்ப்பரிக்கும். போன மாசம் புதுக்கோட்டையில் என்னை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த பையன்களெல்லாம் எழுந்து ஆடினார்கள். நன்றாகத்தான் இருந்தது. கொட்டில் வேகம் கொஞ்சம் கூடுதல்.

"அதுக்குப் பெறகு நடந்ததும் ஒன்கிட்டச் சொன்னேனேடா" என்று வரும்போது கேட்டேன்.

"அதப் போட்டா யாரும் கை தட்ட மாட்டாங்க அத்தை" என்றான். நர்ஸ் பெண், "அது இந்தப் பாட்டு இல்ல அத்தை, வேற பாட்டு" என்றாள். அந்த வேறு பாட்டை அவள் இன்னும் எழுதவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அடுத்த வாரம் ஊரில் வரி கட்டச் சொல்கிற சேதி. சித்தப்பாவைக் கூப்பிடவில்லை. டவுனிலிருந்து தகரத்தில் ஒரு குழாய் வாங்கிவந்து, அம்பலக்காரர் வீட்டுக் கணக்குப்பிள்ளை அதை வாயில் வைத்துத் தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு போனார். பிறகு ஒரு சாவு விழுந்தது. அடிக்கப் பக்கத்து ஊர்க்காரர் வந்தார். சித்தப்பாவைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனார். திருவிழாவுக்கும் அவரே.

யாரும் சித்தப்பாவைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. தண்ணீரும் எடுத்துக்கொண்டிருந்தோம். கூப்பிடாமல் விட்டார்கள், அவ்வளவே. எனக்கோ சந்தோஷம் பிடிபடவில்லை. சித்தப்பா நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தார். பனையோலையில் காற்றாடி செய்து கொடுத்தார். தோளில் தூக்கிக்கொண்டு ஊருணியைச் சுற்றிக் காட்டினார். தெருப் பிள்ளைகளிடம், "எங்க சித்தப்பாவுக்கு லீவு விட்டுட்டாங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் காதில் விழுந்திருக்கும். இல்லை என்று சொல்லவில்லை.

தப்பு அடிப்பவருக்குக் கூலி என்று தனியாக இல்லை. அறுப்பு முடிந்ததும் களத்துக்குப் போய் நின்றால், வருஷம் முழுக்க அடித்ததற்கு ஒவ்வொரு வீட்டுக்காரரும் நெல் போடுவார்கள். எங்கள் வீட்டில் பாதி வருஷத்துச் சோறு அதுதான். பிறகு மழை பெய்து, அறுப்பும் வந்தது. எப்போதும் போலச் சித்தப்பா சாக்கை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தார். ஆத்தா வாசலில் நின்று அவர் கையைப் பார்த்தாள். சாக்கு மடித்த மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. சித்தப்பா என்னைப் பார்த்தார். சாக்கை உதறி, மழைக்குப் போடுகிற கொங்காணி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு, முற்றத்தில் குனிந்து குனிந்து ஒரு சுற்று ஆடினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னொரு தடவை, சித்தப்பா" என்றேன்.

இன்னொரு தடவையும் ஆடினார்.