தொடாமல் நிற்கும் குத்து

புது கராத்தே கிளாஸில் சேரப் போன அன்று என் ஃபைலில் இரண்டு சர்டிபிகேட்டுகள் இருந்தன. ஒன்று டிகிரி. அதை எதற்கு எடுத்துப் போனேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கே போனாலும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்னொன்றுதான் முக்கியம்: பிரவுன் பெல்ட் சர்டிபிகேட். கறுப்புக்கு ஒரே ஒரு படி கீழே.

நிலக்கோட்டையில் செம்மண் மைதானத்தில் ஆறு வருஷம் விழுந்து எழுந்து வாங்கிய பெல்ட் அது. பிறகு திண்டுக்கல்லில் ஒரு மில் ஆபீஸில் வேலை கிடைத்தது. சாயங்காலம் பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்வதற்குள் அங்கே கிளாஸ் முடிந்துவிடும். அதனால் பேகம்பூர் பக்கம் ஒரு மொட்டை மாடியில் நடந்த கிளாஸுக்குப் போனேன். அதுவும் கராத்தேதான். ஆனால் வேற ஸ்டைல்.

சொல்லித் தருகிறவர் ஒரு மேடம். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர். குடும்பத்துக்கு அந்த மாடிக்குக் கீழேயே பிரியாணிக் கடை. கிளாஸ் முடிந்ததும் கல்லாவில் போய் உட்காருவார். அவர் இடுப்பிலிருந்த கறுப்பு பெல்ட் தேய்ந்து நூல் நூலாக வெளுத்துக் கிடந்தது. என் சர்டிபிகேட்டை ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

"ஆறு வருஷமா? மாஷா அல்லாஹ். இது ஃபைல்ல பத்திரமா இருக்கட்டும். இடுப்புல மூணு மாசம் வெள்ளை கட்டுங்க. அப்புறம் ஒரு டெஸ்ட் வைக்கிறேன். உங்க உடம்பு எந்தக் கலர்னு சொல்லுதோ, அதைக் கட்டிக்குவோம்."

"வெள்ளைன்னே சொல்லிருச்சுன்னா மேடம்?"

"வெள்ளைதான்."

வீட்டில் சொன்னதும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர், எழுதப் படிக்கத் தெரியாது. என் பட்டமளிப்பு போட்டோவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து பிரவுன் பெல்ட்டைத் தொங்கவிட்டிருந்தார். பூ எடுக்க வருகிற ஆள்களிடமெல்லாம், "அது கராத்தேயில வாங்குன டிகிரி" என்பார்.

"ஏலே, டி.சி. வாங்கிட்டு வேற பள்ளிக்கூடம் போனா அதே கிளாஸுலதானடா சேப்பாக? எட்டாப்பு படிச்சவன ஒண்ணாப்புல ஒக்கார வப்பாகளா?"

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த தடவையெல்லாம் கைநாட்டு வைத்தவர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. டெஸ்டில் வெள்ளையே வந்தால் ஆணியிலிருந்து அந்த பெல்ட்டை நானே கழற்றி வைத்துவிடுவது என்று மட்டும் முடிவு பண்ணிக்கொண்டேன்.

கிளாஸில் பெல்ட் வரிசைப்படிதான் நிற்க வேண்டும். முதல் நாள், பழக்க தோஷத்தில், கொஞ்சம் முன்னால் போய் நின்றுவிட்டேன். மஞ்சள் பெல்ட் கட்டிய ரெண்டாங் கிளாஸ் பாப்பா ஒன்று என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"அண்ணே, இது என் இடம். நீங்க கடேசி."

போய்க் கடைசியில் நின்றேன். காது சுட்டது. ஆனால் ரெண்டே வாரத்தில் அந்தச் சூடெல்லாம் எங்கேயோ போய்விட்டது. எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது! தொடையில் உதைக்கலாம் என்பதே எனக்குப் புதுசு. ரப்பர் பாயில் கால் ஊன்றுகிற விதம் புதுசு. பஸ்ஸில் ஒவ்வொரு குலுங்கலுக்கும் தொடை வலிக்கும். நான் சிரித்துக்கொண்டு வருவேன். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்காருவார்.

ஒன்றுதான் வரவே இல்லை. அடி.

பழைய ஸ்டைலில் குத்து எதிராளியின் உடம்புக்கு ஒரு அங்குலம் முன்னால் நிற்க வேண்டும். பட்டுவிட்டால் நம் பாயிண்ட்தான் போகும். அதற்காக நிலக்கோட்டையில் மல்லிகை மொட்டை நூலில் கட்டி மரத்தில் தொங்கவிட்டுக் குத்துவோம். காற்றுப் பட்டு மொட்டு ஆட வேண்டும், கை படக் கூடாது. எங்கள் தோட்டத்து மொட்டுதான் தினமும் போகும். புது ஸ்டைலில் எல்லாம் தலைகீழ். முகத்தில் கை படக் கூடாது. மற்ற இடத்தில் விழுந்தால்தான் அது குத்து. ஆறு வருஷமாக நிற்கப் பழகிய கை, போ என்றால் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டெஸ்ட். தனியாகச் செய்ததெல்லாம் நன்றாகவே போனது. கடைசியில் மூன்று ரவுண்டு சண்டை. எதிரே தோல் மண்டி வைத்திருக்கிற பிரவுன் பெல்ட் பாய். கதவு மாதிரி ஆள். மூன்று மாசத்தில் என்னை மாப்ள ஆக்கியிருந்தார்.

முதல் ரவுண்டில் நாலு தடவை அவர் வயிற்றுக்கு நேராக என் கை போனது. நாலு தடவையும் நின்றது.

"என்ன மாப்ள, கொசு ஓட்டுறியா?" என்று கேட்டுக்கொண்டே தொடையில் ஒன்று வைத்தார். "விசிறணும்னா கீழ கடையில போய் அடுப்புக்கு விசிறு. செத்த நேரத்துல பிரியாணியாச்சும் வேகும்."

சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். ரெண்டாவது ரவுண்டும் அதே கதைதான். மூன்றாவதில் மேடம் கத்தினார்: "மொட்டு இல்ல அது, ஆளு! ஆளு!"

மொட்டுக் கதையை எப்போதோ ஒரு நாள் அவரிடம் சொல்லியிருந்தேன். எனக்கு என்ன ஆனதோ, பாயின் வயிற்றைத் தாண்டி முதுகுப் பக்கத்துச் சட்டையைத் தொடப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். கை போனது. நிற்கவில்லை. "ஹக்" என்று ஒரு சத்தம்; பாய் இரண்டடி பின்னால் போனார்.

"ஐயோ, சாரி பாய்!" என்று கையைக் கீழே போட்டுவிட்டு நின்றேன்.

அடுத்த நொடி அவர் கால் வந்தது. ரப்பர் பாயில் சப்பென்று உட்கார்ந்தேன்.

"அடிச்சுப்புட்டு மன்னிப்பு கேக்குற மொத ஆளு நீதான் மாப்ள," என்று கை கொடுத்துத் தூக்கினார். இன்னொரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம், வெளியே காட்டத்தான் முடியவில்லை.

மேடம் நோட்டை மூடினார். "நிக்கிறது, இடத்தைப் பாக்குறது எல்லாம் பிரவுன். அடி இன்னும் பச்சைதான். நீலம் தர்றேன். ஆறு மாசத்துல பிரவுனுக்கு வாங்க."

பச்சைக்கு ஒரு படி மேலே, பிரவுனுக்கு ஒரு படி கீழே. வருத்தமே வரவில்லை, நிஜமாக. முந்தின பெல்ட்டுகளை வாங்கும்போது வருஷம் ஓடியதற்குத் தருகிறார்களா, எனக்கு வந்ததற்குத் தருகிறார்களா என்று ஒரு சந்தேகம் கூடவே இருக்கும். இந்த நீலம் எந்தக் குத்துக்கு வந்தது என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் பூச்சாக்கை உதறிக்கொண்டிருந்தார். நீலத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"பெயிலா அப்பு?"

"இல்லப்பா. ஒரு பேப்பர் அரியர்."

அரியர் அவருக்குத் தெரியும். காலேஜில் நான் கணக்கில் வைத்த அரியருக்கு மூன்று செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தவர்.

"எழுதிக்கிரலாம்ல?"

"ஆறு மாசத்துல எழுதிக்கிரலாம்."

சாக்கைக் கீழே போட்டார். துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு எனக்கு நேரே வந்து நின்றார். "அம்புட்டு என்னதான் அடிக்கிறீக? எங்க, என்னைய ஒரு குத்து குத்து பாப்போம்."

கால் ஊன்றினேன். கை போனது. அவர் நெஞ்சுக்கு ஒரு அங்குலம் முன்னால், அதுவாக நின்றது. துண்டின் நுனி மட்டும் ஆடியது. அப்பா கண் இமைக்கவில்லை.

"ஏன் நின்டுருச்சு? இது எந்த பெல்ட்டு?"

"ஆணியில தொங்குதே, அந்த பெல்ட்டுப்பா."

திரும்பி, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே சுவரைப் பார்த்தார்.

"அப்ப அது அங்கனயே கெடக்கட்டும்," என்றார்.