ஆறின இஞ்சினில் மட்டும் கேட்கும் சத்தம்

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு காருக்கு என்ன கோளாறு என்று சொல்ல மட்டும் தெரியும். வயலின் சொல்லிக்கொடுக்கிற மனிதர். அடுத்த தெருக் கல்யாண நாதஸ்வரத்தில் சுருதி விலகினால் இங்கே இவருக்குக் காப்பி இறங்காது. அப்படி ஒரு காதோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு எரிச்சல் என்று எனக்குத்தான் தெரியும். சமைத்துக்கொண்டே நான் எதையாவது முணுமுணுத்தால்கூடக் கூடத்திலிருந்து தாளத்தைத் திருத்துவார்.

அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்து, தினமும் காலையில் மயிலாப்பூரிலிருந்து அடையாற்றுக்குக் கதிர்வீச்சு சிகிச்சைக்குக் கூட்டிப் போக ஆரம்பித்த வாரம்தான் சத்தமும் ஆரம்பித்தது. எங்கள் பெண் கல்லூரியில் சேர்ந்த வருஷம் வாங்கிய கார். அந்தப் பெண்ணுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகிற குழந்தை இருக்கிறது.

"கேக்கறதா?" என்றார்.

"என்னது?"

"டிக் டிக்குன்னு. இஞ்சின் மேலேர்ந்து."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் டாஷ்போர்டில் விரல் நகத்தால் தட்டிக் காட்டினார். எங்கோ தையல் மெஷின் ஓடுவது மாதிரி, சின்னதாக, ஒரே சீராக. அதன் பிறகுதான் இஞ்சினிலும் அது என் காதில் விழுந்தது. மந்தைவெளி தாண்டுவதற்குள் நின்றுவிட்டது.

வாரம் ஒரு நாள் டிரிப்பில் மருந்தும் ஏற்றினார்கள். அதற்கு முன்னால் டாக்டரிடம் அவர் பிழைப்பேனா என்று கேட்கவில்லை. "இந்த மருந்து காதை ஒண்ணும் பண்ணாதே?" என்றுதான் கேட்டார். சிலருக்குக் குறையலாம், மெல்லிய, கீச்சென்ற ஒலிகள் முதலில் போகும், போனது திரும்பாது, வித்தியாசம் தெரிந்தால் உடனே சொல்லுங்கள், மருந்தை மாற்ற முடியுமா என்று பார்க்கலாம் என்றார் டாக்டர். திரும்பும்போது, "குரல் போனா போறது. அதை வெச்சுண்டு நான் என்ன பண்ணப்போறேன்" என்றார் இவர். காதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் பேசப் பயமாக இருந்தது.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியிலேயே மெக்கானிக்கிடம் காரை நிறுத்தினேன். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார்.

"ஒண்ணியும் இல்லியே மேடம். வண்டி சைலன்ட்டா கீது."

என் கணவர் மெல்ல இறங்கி வந்து, பானெட்டின் மேல் நகத்தால் தட்டிக் காட்டினார். மெக்கானிக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"டாப்பட் சத்தம் சார். வால்வுல கேப் ஜாஸ்தியாயிருக்கும். சூடானா அடங்கிடும்." என்னிடம் திரும்பி, "சாருக்குக் காது செமயா கீது மேடம்" என்றார்.

அன்று முழுவதும் என் கணவரின் முகத்தில் அந்தப் பெருமை இருந்தது.

இஞ்சின் நன்றாக ஆறினால்தான் இடைவெளியைச் சரிசெய்ய முடியும், ராத்திரி கடையில் விட்டுவிட்டுப் போங்கள் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அது எங்களால் முடியவில்லை. ஆட்டோவில் போன ஒரு நாள், ஒவ்வொரு பள்ளத்துக்கும் இவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். சனி ஞாயிறில் விடலாம் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாந்தி நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தது. சிகிச்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம். தினமும் நான் சாவியைத் திருப்புவேன், அவர் விரல் தொடையில் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து தட்டும். "இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி" என்பார். எனக்கும் அது கேட்டுப் பழகிவிட்டது.

அப்படி ஒரு காலையில் சத்தம் எப்போதையும்விடப் பலமாக வந்தது. அவர் விரல் அசையவில்லை.

"பாத்தியா, நின்னுடுத்து" என்றார், கரகரத்த குரலில், அவ்வளவு சந்தோஷமாக. "அந்த மெக்கானிக்கிட்ட விட்டிருந்தா இஞ்சினையே பிரிச்சுப் போட்டிருப்பான்."

ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. காரை மெல்லக் கேட் வரை நகர்த்தினேன். கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"இன்னாம்மா, சத்தம் ஓவரா கீதே. மெக்கானிக்காண்ட காட்டக் கூடாதா?"

என் கணவர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்குக் கேக்கறதா?"

இத்தனை வருஷமாகச் சுருதி விஷயத்தில் அந்தக் கேள்விக்கு நான் இல்லை என்று சொல்லியே வழக்கம். "கேக்கறது" என்றேன்.

அவர் தலையைச் சாய்த்து, இஞ்சின் பக்கமாகக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் கேட்டைப் பிடித்தபடி நின்றார். எனக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. கடைசியில் அவர் உள்ளங்கையை விரித்து என் பக்கம் நீட்டினார்.

"தட்டிக் காட்டு" என்றார்.

சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அந்தக் கையில் நகத்தால் தட்டினேன். எனக்குத் தாளம் நிற்காது. நடுவில் எங்கோ பிசகியது எனக்கே தெரிந்தது. அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார், திருத்தவில்லை.