வருஷா வருஷம் வளர்கிற மலை

பார்க்க ஒன்றுமில்லாத ஊரைச் சுற்றிக்காட்டிப் பிழைப்பது என்ன பாடு என்று, கோலார் தங்கவயலில் ஜட்கா வண்டி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். தங்கமெல்லாம் பூமிக்கடியில் இருந்தது. எங்களுக்கு மேலே மிஞ்சியது பாறையும் முள்ளும் வெயிலும்தான். விருந்தாளிக்கு ஊர் காட்டப் போய்த் திருதிருவென்று முழித்திருக்கும் உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

தள்ளினால் ஆடும் பாறை

பாலகாட் சுரங்கத்துப் பக்கம், பாறை மேல் பாறையாக ஒன்று எந்த நேரமும் விழுந்துவிடும்போல நிற்கும். சுரங்கக் கம்பெனி பங்களாவுக்கு விருந்தாளியாக வந்த துரையிடம், "தள்ளினா ஆடும்" என்று நானாக ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். துரை கோட்டைக் கழற்றிவிட்டுத் தள்ள ஆரம்பித்தார். தள்ளினார், தள்ளினார், கால்மணி நேரம் தள்ளினார். கடைசியில் சட்டை அக்குளில் கிழிந்ததே தவிர, பாறை அசையவில்லை.

கூட வந்த பங்களா பட்லர் ஆரோக்கியம் என்னைத் தனியே கூப்பிட்டார். என் குதிரைக்குக் கொள்ளும் வீட்டுக்குக் கேழ்வரகும் அந்தப் பங்களா வேலையில்தான் வந்துகொண்டிருந்தன. அவர் சொன்னார்:

"இன்னா கோவிந்தா, இன்னொரு விருந்தாளி மூஞ்சியச் சுளிச்சாங்கன்னா, நான் வேற வண்டி பாத்துக்குவேன். சொல்லிட்டேன்."

பள்ளத்துத் தண்ணீர்

குடியாத்தத்திலிருந்து புதிதாகச் சுரங்க வேலைக்கு வந்த ஒருவரையும் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு போனேன். உச்சி வெயில். தூரத்துப் பள்ளத்தில் தண்ணீர் பளபளவென்று மின்னியது. அந்த அம்மாள் வண்டியை நிறுத்தச் சொல்லி, குடத்தோடு இறங்கிவிட்டார். "அது கானல் தண்ணிம்மா, வெறும் வெயில்" என்று நான் கத்தியது காதில் விழவில்லை. புருஷன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளை அவருக்குத் தெரியாதா?

அரைமைல் போய்த் திரும்பியவர் குடத்தை வண்டிக்குள் வைத்தார். கோபம் என் மேல் இல்லை, புருஷன் மேல்.

"தண்ணியில்லாத ஆத்தப் பாக்கறதுக்கு இம்மாந்தூரம் வரணுமாய்யா? நம்ம பாலாறு இன்னா கொறச்சல்?"

வெள்ளை மலை

அடுத்து பங்களாவுக்கு வந்தது ஒரு துரைசானி. வேலூரில் பள்ளிக்கூடம் நடத்தியவர், படம் வரைகிறவர். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் தாண்டியதும், "நிறுத்து! இம்மலையின் பெயர் யாது?" என்றார். தமிழைப் புத்தகத்தில் கற்றவர்.

அது மலையே இல்லை. கல்லை அரைத்துத் தங்கத்தை எடுத்தபின் மிஞ்சும் மண்ணைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டிய குவியல். ஆனால் அந்த அம்மாளின் முகம் மலர்ந்திருந்தது. மலர்ந்த முகத்தைக் கெடுக்க எனக்கென்ன பைத்தியமா? "வெள்ளை மலைம்மா. எங்க முப்பாட்டன் காலத்துது" என்றேன். அவர் குடை பிடித்துக்கொண்டு மத்தியானம்வரை வரைந்தார். மண் கொட்டுகிறவர்கள் அன்று வராதது என் அதிர்ஷ்டம்.

கூடவே வந்திருந்த ஆரோக்கியம் என் காதோடு சொன்னார்:

"போன மாசம் கொட்டின மண்ணுக்கு முப்பாட்டன் கதையா? மாட்டிக்கினா, நீ யாரோ நான் யாரோ."

அடுத்த வருஷம்

துரைசானி மறுபடி வந்தார், கையில் அந்தப் படத்தோடு. நேரே வெள்ளை மலைக்கு விடச் சொன்னார். நான் கடிவாளத்தை இழுத்து இழுத்துக் குதிரையை மெதுவாகவே நடத்தினேன்.

படத்தில், பக்கத்துச் சுரங்கத்தின் புகைபோக்கி மலையைவிட உயரம். எதிரே மலை புகைபோக்கியைவிட உயரம். பக்கத்தில் ஒரு குட்டி மலை வேறு. போதாக்குறைக்கு உச்சியில் நாலு பேர் தள்ளுவண்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியம் வானத்தைப் பார்த்தார். வேலை போயிற்று என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

துரைசானி படத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மடக்கு நாற்காலியை விரித்து, புதுத்தாள் ஒன்றை எடுத்தார்.

"தேவன் ஆறு நாளில் சிருஷ்டியை முடித்து ஓய்ந்தார் என்று வாசித்திருக்கிறேன், உன் மலைக்கு மட்டும் ஏழாம் நாள் இன்னும் வரவில்லை போலும். வரும் வருஷமும் நீயே என்னை அழைத்து வா."

கடவுள் வைத்த பாறையைக் காட்டி வேலையைத் தொலைக்கப் பார்த்த நான், கம்பெனி கொட்டிய மண்ணைக் காட்டித்தான் பிழைத்தேன்.