மொட்டைக்கு முந்தின படம்

கீழ்பென்னாத்தூரை விட்டு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு பெண்ணின் குரல் தெருமுனை வரை துணைக்கு வந்தது. வேர்க்கடலைக் காடு ஆரம்பித்ததும் நின்றுவிட்டது. அவ்வளவு தூரம் வந்து வழியனுப்பியதே பெரிய விஷயம். தோளில் ஒரு பழைய கேமரா. சட்டைப்பையில், நான் எடுத்து அவள் என் மூஞ்சியில் திருப்பி எறிந்த நாலு படங்கள்.

தொண்ணூறாம் வருஷத்தை ஒட்டிய காலம். பள்ளிக்கூடமும் நானும் எட்டாவதோடு ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். லாரி கிளீனர், செங்கல் சூளை, கல்யாண வீடியோவுக்கு லைட் பிடிப்பது என்று எதிலும் நிலைக்காமல், கடைசியில் கலைஞனாகியிருந்தேன். குழந்தைகளை மட்டும்தான் படம் எடுப்பேன். பெரியவர்களுக்குத் தங்கள் மூஞ்சி எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. படத்தைப் பார்த்தால் தகராறு செய்வார்கள். குழந்தைகளிடம் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தாய் இருப்பாள் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

வழியனுப்பிய பெண்ணின் மகனுக்கு மூன்று வயது. பிறந்த முடியை எடுக்காமல் வளர்த்து, திருவண்ணாமலைக் கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டுதல். முடி எடுக்கும் முன் பையனுக்குப் பட்டுப் பாவாடை கட்டி, பூச்சடை தைத்து, பெண் வேஷத்தில் ஒரு படம் எடுத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முகமும் தெரிய வேண்டும், பின்னால் வைத்த கண்ணாடியில் சடையும் தெரிய வேண்டும். பையன் வளர்ந்தபின் விருந்தாளிகள் முன்னால் அவன் மானத்தை வாங்க அந்தப் படம் உதவும்.

நான் படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்ததற்கு மறுநாள் காலையில்தான் மொட்டை. படங்களைப் பார்த்து அவள் கேட்டாள்: "இதுல எம் புள்ள எங்கய்யா கீறான்? காட்டு பாக்கலாம்."

விரல் வைத்துக் காட்டினேன்.

"அது அம்மிக்கல்லுய்யா! மூணு வருஷமா எண்ண தடவி வளத்த முடி. நாளைக்குக் காத்தால போயிடும். எனக்குன்னு இருக்கப்போறது இந்தப் படம்தான். அதுலயும் மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

அதற்குப் பிறகு நடந்ததுதான் அந்த நடை.

திருவண்ணாமலை வந்து சேர்ந்ததும் எனக்குப் பிலிம் கழுவித் தரும் ஸ்டுடியோவுக்குப் போனேன். கடைக்கார அண்ணன் துபாய் போனதிலிருந்து அவர் தங்கச்சிதான் கடையைப் பார்த்துக்கொண்டார். என்னைவிட இரண்டொரு வயது பெரியவர், நான் அக்கா என்பேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படங்களை மேஜைமேல் பரப்பினார்.

"எது நல்லாருக்குதோ அத மொதல்ல சொல்லிடுவேன். இல்லாட்டி மனுஷன் காத மூடிக்குவான்" என்றார். "இந்தப் படத்துல எரும நல்லா வந்திருக்குது. கண்ணுல வெளிச்சம், மூக்கு பளபளன்னு."

"நான் எருமைய எடுக்கலக்கா."

"அது எருமைக்குத் தெரியாது. அது பாட்டுக்கு நிக்குது. புள்ளய இன்னா பண்ணே?"

"சிரி சிரின்னு சொன்னேன்."

"சொன்னா எவன் சிரிப்பான்? அழுவற மாரி நிக்குது பாரு. உச்சி வெயில்ல கண்ணத் தொறக்கவே முடில அதுக்கு."

அடுத்ததை எடுத்தார். "சொவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சவன் நல்ல வேலக்காரன். சொவுரு ஜாஸ்தி, புள்ள கம்மி. கிட்ட போயிருக்கணும்." மூன்றாவது. "பாவாட ஜரிக அருமை. ஆனா கெணத்துல வுழுந்த புள்ளய மேலேர்ந்து எட்டிப் பாத்த மாரி கீது. அது ஒசரத்துக்கு நீ கீழ உக்காரணும்."

நாலாவதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பிக்கை வந்தது.

"கண்ணாடில உன் படம் தெளிவா வந்திருக்குது. சட்ட பட்டன மாத்திப் போட்டிருக்கே."

"இதெல்லாம் படம் கழுவிக் குடுத்த அன்னைக்கே சொல்லக்கூடாதாக்கா?"

"நீ கேட்டியா? கழுவிக் குடுன்ன. கழுவிக் குடுத்தேன்." படங்களை அடுக்கிக் கையில் கொடுத்தார். "இப்ப கேமராவுல போட்டிருக்கிற ரோல்ல மிச்சம் இருக்குதா?"

"ஒன்னோ ரெண்டோ இருக்கும்."

"ஒன்னு போதும். வெயில்ல வெக்காத. வாசப்படிக்கு உள்ள நெழல்ல நிக்க வெச்சி, மூஞ்சி தெருவப் பாக்கட்டும். கண்ணாடிய சாச்சி வையி. சட தெரியணும், நீ தெரியக்கூடாது. இருட்றதுக்குள்ள கொண்டா, காத்தால படம் தரேன்."

அந்தக் குடும்பம் மத்தியானம் வேனில் வந்து கோயில் பக்கத்துச் சத்திரத்தில் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் பையனின் அப்பா, "யோவ், இங்கயும் வந்துட்டியா?" என்று லுங்கியை மடித்துக் கட்டினார்.

"ஒரே ஒரு படங்க. இந்த வாட்டி நல்லா வரும்" என்றேன்.

"வரலன்னா?" என்றாள் அவள். "முடிய திருப்பி ஒட்டித் தருவியா?"

என் படங்களை எடுத்து, அக்கா சொன்ன குற்றங்களை ஒவ்வொன்றாக அவளிடம் ஒப்பித்தேன். வெயில், தூரம், நின்றுகொண்டு எடுத்தது, சட்டைப் பட்டன். தன்னைத் தானே இவ்வளவு நன்றாகத் திட்டிக்கொள்கிறவனை அவள் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டாள். புருஷனைப் பூ வாங்கி வரச் சொன்னாள். மறுபடி சடை தைத்தாள். ஒவ்வொரு பூவுக்கும் எனக்கு ஒரு வசவு. பூ நிறைய தேவைப்பட்டது.

சத்திரத்துச் சுவர்க் கண்ணாடியைக் கழற்றிப் பையனுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். சிரிக்கச் சொல்லவில்லை. கீழே உட்கார்ந்தேன், அதுவும் உயரமாகப் பட்டதால் குப்புறப் படுத்தேன். பையன் பாவாடை ஜரிகையைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஏன் பட்த்துக்கினு கீற?"

உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிய முகம் அது. அழுத்தினேன். அடுத்ததற்குச் சுற்றினேன், சுற்றவில்லை. ரோல் முடிந்திருந்தது.

காலையில் அக்கா ஈரம் காயாத படத்தை நீட்டினார். "சட நல்லா வந்திருக்குது. மூஞ்சி அதவிட. தலைக்கு மேல எடம் கொஞ்சம் கம்மி." பிறகு, "நின்னுக்கினே கீறியே, ஓடு! முடி எடுத்துடப் போறாங்க."

ஓடினேன். மொட்டை போடும் இடத்தில் தாய்மாமன் மடியில் பையன். எதிரே நாவிதர் தண்ணீர்ச் சொம்போடு காத்திருந்தார். அம்மா மகனின் தலைமேல் வைத்த கையை எடுக்காமல் நின்றாள். "படத்தக் கண்ணால பாக்காம ஒரு சொட்டு தண்ணி ஊத்தக்கூடாது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். நல்ல நேரம் போகிறது என்று புருஷன் பல்லைக் கடித்தார்.

படத்தை ஓரத்தைப் பிடித்து வாங்கினாள். நெடுநேரம் பார்த்தாள். யாருக்கும் காட்டவில்லை. தலைமேலிருந்த கையை எடுத்தாள்.

"ஊத்துங்கண்ணா" என்றாள் நாவிதரிடம்.

தண்ணீர் பட்டதும் பையன் அலறினான். கத்தியைப் பார்த்த தாய்மாமன் அவனைவிட மோசமாக நடுங்கினார். தலை ஒரு பக்கம் ஆடியது, மடி ஒரு பக்கம். நாவிதர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

முடியும் தண்ணீருமாகக் கிடந்த தரையில் பையனுக்கு எதிரே உட்கார்ந்து, அவன் கண் மட்டத்துக்குக் குனிந்தேன். நனைந்த என் வேட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அழுகை விக்கலாகி நின்றது. தலை ஆடவில்லை. கத்தி ஒரு கீறல் இல்லாமல் சுற்றி வந்தது.

சந்தனம் பூசி அனுப்பிவிட்டு நாவிதர் என்னிடம் கேட்டார்: "எங்க வேல செய்ற தம்பி?"

"எங்கயும் இல்ல."

"அப்ப எழுந்திருக்காத. அடுத்த புள்ள வருது."

எழுந்திருக்கவில்லை. கேமராவை நனையாத இடமாகப் பார்த்துத் தள்ளி வைத்துவிட்டு, கத்திக்கொண்டே வந்த அடுத்த குழந்தைக்கு எதிரே நகர்ந்து உட்கார்ந்தேன்.