டெம்பர் ஏறாத ஆக்ஸில்

பக்குவப்படாத இரும்பை ஜீப்பில் மாட்டி மலைக்கு அனுப்பியவன் நான். அந்த ஜீப் இன்னும் ஓடுகிறது. அதில் குழந்தைகள் போகிறார்கள்.

திட்டப்போகிறீர்களா? திட்டுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

பீளமேட்டில் பழைய மில் சுவருக்குப் பின்னால் எனக்கொரு ஜீப் பட்டறை. அன்னூரில் விவசாயம் பார்க்கும் பழனிச்சாமி அண்ணன் கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டம் வாங்கினார். பாதை முழுக்கப் பாறையும் பள்ளமும். ஸ்பிரிங் பட்டைகளை ஏற்றி அவர் ஜீப்பை உயர்த்தினேன். பெரிய டயர்களும் போட்டேன். பெரிய டயர் என்றால் சும்மாவா? அதன் பாரமெல்லாம் பின் சக்கரத்தைச் சுழற்றும் அச்சுத்தண்டை, அந்த ஆக்ஸிலைத்தான் முறுக்கும். பழைய ஆக்ஸில் தாங்காமல் ஒடிந்தது. இந்த வண்டியில் ஆக்ஸில் ஒடிந்தால் சக்கரமும் கூடவே கழன்றுவிடும். நல்லவேளை, அவர் வீட்டு வாசலிலேயே கழன்றது.

"இனி ஒடியாத மாதிரி கனமா ஒண்ணு போட்டுக் குடுங்க. நான் புள்ளகுட்டிக்காரனுங்க" என்றார்.

கனமான ஆக்ஸிலை லேத்தில் கடைந்தேன். அதைச் சுழற்றும் பல்சக்கரங்களான கிரவுன் பினியனையும் மாற்றினேன். பாக்கி இருந்தது டெம்பர் மட்டும். கடைந்த இரும்பை உலையில் காய்ச்சி, எண்ணெயில் முக்கி இறுக வைக்கவேண்டும். இல்லாவிட்டால் பார்வைக்குத்தான் ஆக்ஸில். உள்ளே வெறும் மெழுகு.

உலைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்... உலைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள்! ஆயுதபூசை!

"பூசையில வெச்சதை நெனச்சபடி எடுக்கப்படாதுங்க" என்றார் உலைக்காரர். "ஊருக்குப் போன ஆளுக திரும்பி வரோணும். அப்பறந்தான் பத்த வெப்பமுங்க."

அண்ணனுக்கோ விஜயதசமியன்றே வண்டி வேண்டும். குடும்பத்தோடு மலைக்கோயிலுக்கு வேண்டுதல். ஒரு தடவை போய்வரத்தானே, வந்ததும் கழற்றி டெம்பர் ஏற்றிவிடலாம் என்று மாட்டினேன். என்ன நெஞ்சழுத்தம் எனக்கு!

வண்டி எடுக்க வந்தவர் கேட்டார்: "டெம்பரெல்லாம் ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க."

எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல நாக்குக் கூசும். ஆகாத வேலையைக்கூட 'ஆயிருமுங்க' என்றுதான் சொல்வோம். நான் அந்த 'ஆயிருமுங்க'வைக்கூடச் சொல்லவில்லையே! டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நானே கற்பூரம் காட்டினேன். பின்சீட்டிலிருந்து அவர் மகள் எனக்குக் கையசைத்தாள்.

பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். ஆயில் மாற்றவேண்டும், வண்டியை விடுங்கள் என்று சொல்லியனுப்பினேன். "தங்கமாட்டமா ஓடுதுங்க, அதைய எதுக்குங்க பிரிச்சுக்கிட்டு?" என்று பதில் வந்தது. பிரித்தே ஆகவேண்டும் என்று நான் அடம் பிடித்திருக்கலாம். ஏன் என்று கேட்பாரே... பட்டறையின் பேர் கெட்டுப்போகுமே... விட்டுவிட்டேன். கோழை என்கிறீர்களா? ஆமாம், கோழைதான்.

இந்த வருடம் அண்ணன் அந்த ஜீப்பை மலையிலேயே ஒரு டிரைவருக்கு விற்றுவிட்டார். எஸ்டேட் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிறானாம். "ஏதாச்சும்னா உங்களையத்தான் கேக்கச் சொல்லியிருக்கறனுங்க" என்றார் பெருமையாக. அன்றிலிருந்து டெலிபோன் மணி அடித்தால் நாலைந்து தடவை அடிக்கவிட்டுத்தான் எடுக்கிறேன்.

முந்தாநாள் அடித்தது. சோமனூர்த் தறிக்காரர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அன்னூர் அண்ணன் வண்டிக்குப் போட்ட அதே ஆக்ஸில் தனக்கும் வேண்டுமென்று வந்தவர். போனை எடுத்தேன்.

"ஏனுங்கண்ணா, கோத்தகிரி டிரைவர் பேசறனுங்க, பூத்துல இருந்து. ஏத்தத்துல பின்னாடி டக்கு டக்குன்னு சத்தம் வருதுங்க. பயமொண்ணும் இல்லீங்களே? ஆயுதபூசை லீவுல கொண்டாரனுங்க. அதுவரைக்கும் புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்குதுங்க."

ஓட்டாதே! நிறுத்து! பிள்ளைகளை இறக்கிவிடு! எல்லாம் நெஞ்சுக்குள்ளேயே கத்தினேன். தறிக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க" என்றேன்.

அந்தப் பூத்தின் நம்பர் எனக்குத் தெரியாது. ஆனால் வழி தெரியும். மேட்டுப்பாளையம் போய் மலை பஸ் பிடித்தால் முடிந்தது. நேற்றும் செருப்பை மாட்டினேன், கழற்றினேன். இன்றும் மாட்டியிருக்கிறேன். போய் எந்த முகத்தோடு சொல்வேன்? உங்கள் பொய்யை நம்பியா பிள்ளைகளை ஏற்றினேன் என்று அவன் கேட்டால்?

உங்களிடம் இவ்வளவையும் கொட்டிவிட்டேன். ஏன் முடிந்தது தெரியுமா? நீங்கள் அந்த ஜீப்பில் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டிருக்கும். வண்டி இப்போது அந்த ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருக்கும். நான் செருப்போடு வாசலிலேயே நிற்கிறேன்...