கிழித்துப் போட்ட பிழைதிருத்தச் சீட்டு

புத்தகம் என்னுடையதல்ல. நுரைச்சோலையில் எங்கள் அடுத்த வளவில் இருப்பவர்களுடையது. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது குர்ஆனைச் சுற்றிய துணிக்குள் அதையும் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரரின் வாப்பா வாங்கிய பாட்டுப் புத்தகம்.

போன வருடம் வீட்டுக்காரருக்கு இதயத்தில் அடைப்பு என்றார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வர மாதக்கணக்காகும். அதுவரை தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியொன்றில் திங்கட்கிழமைக்கு இடம் கிடைத்தது. நகைகளை விற்றும் போதாததைப் புத்தகம் ஈடுசெய்யும் என்று நம்பினோம். பழைய புத்தகங்கள் சேர்க்கும் கொழும்புக்காரர் ஒருவரை நான்தான் தேடிப் பிடித்தேன். முதல் அச்சென்றால் கேட்டதைத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அவர்கள் வீட்டு மேசையில் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், அச்சகம், ஆண்டு. எல்லாம் சரியாக இருந்தன. கொழும்புக்காரர் எனக்கு ஃபோன் எடுத்தார்.

"ஒரே வருசத்தில ரெண்டு தரம் அடிச்சிருக்கு, சேர். அச்சுக் கோர்த்த எழுத்தைக் கலைக்காம அப்படியே அடிச்சது. பிழைகள்கூட ரெண்டிலயும் அதேதான். முதல் அச்சில மட்டும் பின்மட்டைக்குள்ள பிழைதிருத்தச் சீட்டு ஒண்டு வச்சிருக்கும். அதைக் காட்டுங்க."

தேடத் தேவையிருக்கவில்லை. ஆறேழு வருடங்களுக்கு முன் நான் இரவல் வாங்கியபோது அது உள்ளே இருந்தது. நான் பத்திரிகையில் அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்காளனாக இருந்தவன். திருத்தங்களை ஏற்றி முடிந்ததும் திருத்தத்தாளைக் கிழித்துவிடுவோம். இல்லாவிட்டால் இன்னொருவர் அதை எடுத்து மறுபடி ஏற்றுவார். சீட்டில் "திருத்தி வாசிக்கவும்" என்று இருந்தது. பதினொரு பிழைகளையும் பேனையால் திருத்தினேன். சீட்டை நாலாகக் கிழித்தேன்.

நடந்ததை அவரிடம் சொன்னேன்.

"எல்லாரும் இப்படி ஒரு கதை சொல்லுவாங்க, சேர். சீட்டு இல்லாட்டி எனக்கு அது ரெண்டாம் அச்சு. அதிலயும் பேனைக் கீறல்."

ஃபோனை வைத்துவிட்டார். வீட்டுக்காரரின் மனைவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் என்னை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அந்தத் துண்டில என்ன இருந்திச்செண்டு தெரியுந்தானே, நானா?"

தெரியும். பதினொன்றும் என் கையெழுத்தில் அந்தப் பக்கங்களிலேயே இருந்தன.

"அப்ப பழைய தாளில ஒண்டு அடிச்சு வைங்களன். பேப்பர்ல இருந்த ஆளுக்கு இதொரு வேலையா?"

"அவர் வெளிச்சத்தில பிடிச்சுப் பார்ப்பார், தங்கச்சி."

"பார்க்கட்டும். ஒப்பரேசன் முடிஞ்ச பிறகு நல்லாப் பார்க்கட்டும்."

பழைய தாள் எங்கே கிடைக்கும் என்று யோசித்தேன். ஈய எழுத்து வைத்திருக்கும் அச்சகம் புத்தளத்தில் ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்றும் யோசித்தேன். எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

"ஏலாதெண்டா உள்ளுக்குப் போய் அவரிட்ட நீங்களே சொல்லுங்க. என்னால ஏலா," என்றார்.

உள்ளறையில் வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்திருந்தார். கால்மாட்டில் பயணப்பை. சீட்டைக் கிழித்தது நான்தான் என்பதை முதலில் சொன்னேன். கொழும்புக்காரர் புத்தகத்தை வாங்கமாட்டார் என்பதைப் பிறகு சொன்னேன்.

"அப்ப திங்கக்கிழமை போறல்லையா, நானா?" என்றார்.