முன்னால் போகிறவனின் கை

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை, விடிகாலை ஐந்து மணி. கிழக்குத் தாம்பரத்தில் ஜெபராஜ் வீட்டு கேட்டில் சைக்கிளைச் சாய்த்தபோது தூறல் விட்டிருந்தது. ஆனால் வானம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தது. நல்ல சகுனம் என்று சொல்ல முடியாது. எனக்குச் சகுனத்தில் நம்பிக்கையும் கிடையாது, மழையில் சைக்கிள் மிதிப்பதில் ஆசையும் கிடையாது. இந்தப் பயணத்தை மட்டும் இனித் தள்ளிப்போட முடியாது.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன், போக நினைப்பவர்களுக்கு உதவும். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே முப்பது கிலோமீட்டர் போனால் செங்கல்பட்டு. அங்கே வலப்புறம் திரும்பிப் பாலாற்றை ஒட்டிய சாலையில் பாலூர், பழைய சீவரம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் குன்றுகள். பிறகு வாலாஜாபாத், ஒரகடம், படப்பை வழியாகத் தாம்பரம். முழுச் சுற்று நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். நானும் ஜெபராஜும் பல வருடங்களாக "அடுத்த வாரம் போலாம்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்த சுற்று இது.

அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நான் இன்சூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டுகிறவன். வாரம் தவறாமல் சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிறோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் கண்ணில் கிளாக்கோமா என்று கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் நோய். சொட்டு மருந்து, ஆபரேஷன், எல்லாம் ஆயிற்று. போன மாதம் டாக்டர் சொல்லிவிட்டார்: இனி ஸ்கூட்டர் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். ஜெபராஜ் ஒரே ஒரு பயணம் கேட்டான். "பாலாத்த பாத்துட்டு வந்து சைக்கிள ஏறக்கட்டிடறேன்." வீட்டில் நடமாடுவதெல்லாம் எப்படி என்று கேட்டதற்கு, "வீட்ல ஒரு கோளாறும் இல்ல மச்சான், ரோட்லதான் கொஞ்சம்" என்றான்.

கேட்டைத் திறந்தது அவன் மனைவி மெர்சி. சைக்கிள் ஓட்டத் தெரியாதவள். எங்கள் டவுசர்களைப் பார்த்துச் சிரிப்பதோடு அவளுக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு முடிந்தது. அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"அண்ணா, நீங்க முன்னாடி, அவர் பின்னாடி. வீடு வர்ற வரைக்கும். சரியா?"

"சத்தியமாம்மா."

"சத்தியம் எல்லாம் வேணாம் அண்ணா. ஆமான்னு சொல்லுங்க, போதும்."

ஆமாம் என்றேன்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போகும்போது காற்றை முன்னால் போகிறவன் வாங்கிக்கொள்வான், பின்னால் வருகிறவனுக்குப் பாதி உழைப்பு மிச்சம். ஆனால் பின்னால் வருகிறவனுக்கு ரோடு தெரியாது, முன்னால் இருப்பவனின் முதுகுதான் தெரியும். அதனால் பள்ளம் வந்தால் முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையைத் தாழ்த்தி, பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் விரலால் காட்டுவான். பின்னால் வருகிறவன் கேள்வி கேட்காமல் ஒதுங்குவான். அந்தக் கையை நம்பாதவன் கூட்டத்தில் ஓட்ட லாயக்கில்லை. ஜெபராஜுக்குத் தாழ்ந்த கை தெரியாமல் போய்ப் பல மாதம் ஆகிறது. அதனால் கையும் காட்டுவேன், வாயாலும் கத்துவேன்.

வண்டலூர் வரைக்கும் பஸ்களின் ஹாரன். ஊரப்பாக்கம் தாண்டி, கூடுவாஞ்சேரியில் ஆறு மணிக்கு டீ, ஒன்று பதினைந்து ரூபாய். மனை விற்கும் விளம்பரப் பலகைகளில் குடும்பம் குடும்பமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், கீழே மனைகளில் தண்ணீர் நின்றது. டீ மாஸ்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், மழைல சைக்கிளா? வண்டி எதுனா ரிப்பேரா?"

"வண்டி நல்லாதான் இருக்கு. ஓட்றவன்தான் ரிப்பேர்" என்றான் ஜெபராஜ். மாஸ்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில் எல்லாம் லாரிகளின் சேற்றுத் தண்ணீரில் நனைந்துகொண்டே கடந்தோம். "பள்ளம் வலது! கல்லு! வேகத்தடை!" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. செங்கல்பட்டுக்குள் நுழையும் முன் கொளவாய் ஏரிக்காக நிறுத்தச் சொன்னான். இருட்டில் டார்ச் அடித்துத் தேடுகிறவனைப் போலத் தலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்பினான். நான் ஒரே பார்வையில் பார்த்து முடித்த ஏரி அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. நான் சும்மா பிரேக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்குப் பாலாற்றுச் சாலை. ஆத்தூர், வில்லியம்பாக்கம். நகரத்தின் இரைச்சல் சட்டென்று அறுந்து, நெல்வயல்களும் கறுத்த பாறைக் குன்றுகளும் வந்தன. மேகம் குன்றுகளின் தலையில் உட்கார்ந்திருந்தது. இடப்பக்கம் பனைகளுக்கு அப்பால் ஆறு, தோப்பு இருக்கும் இடத்தில் மறைந்தும் இல்லாத இடத்தில் தெரிந்தும் கூடவே வந்தது. சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு சாலை இருக்கிறது என்பது, வருடம் பூராவும் ஜி.எஸ்.டி. சாலையில் புகை குடிக்கிறவனுக்கு நம்ப முடியாத விஷயம். நன்றாகத்தான் இருந்தது.

பாலூரில் இட்லி சாப்பிட்டுக் கிளம்பும்போது ஜெபராஜ் சைக்கிளை என் சைக்கிளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

"ரெண்டு வருஷமா உன் முதுகத்தான் பாக்கறேன் மச்சான். இந்த ஆத்த உன் முதுகு இல்லாம ஒரு தடவ பாத்துக்கறேன்டா."

"மெர்சிகிட்ட ஆமான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"ரோட்டப் பாரு, ஈ காக்கா இல்ல. பழைய சீவரம் வரைக்கும்தான். விழுந்தா நான்தான விழப்போறேன்? உனக்கு என்னடா போச்சு?"

அந்த முகத்துக்கு முன்னால் எவன் முடியாது என்று சொல்வான்? சரி, போய்த்தொலை என்றேன்.

ஐயோ, எப்படி ஓட்டினான்! முதுகு தாழ்ந்து, முழங்கை மடங்கி, சீட்டி அடித்துக்கொண்டு, பழைய ஜெபராஜ். நான் அவன் சக்கரத்தை ஒட்டிக்கொண்டு பின்னால். ஓர் இடத்தில் இடக்கை தாழ்ந்து விரல் ஆடியது. நான் ஒதுங்கினேன். கடந்தபோது பார்த்தால் அங்கே பள்ளம் இல்லை, நனைந்த தார் கறுப்பாகக் கிடந்தது. பரவாயில்லை, ஜாக்கிரதையாக ஓட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். பல வருடத்துப் பழக்கம், அந்தக் கையைப் பார்த்தால் என் மூளை கடையைச் சாத்திவிடும். பார்வை குறைந்தவன் பின்னால் ஓட்டும்போது நானும் ரோட்டைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் கை காட்டினால் பள்ளம், காட்டாவிட்டால் ரோடு. எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

சின்ன மதகு ஒன்றின் மேல் கை தாழவில்லை. அவன் சக்கரம் விரற்கடை தூரத்தில் தப்பியது. என்னுடையது நேராகப் பள்ளத்துக்குள் போயிற்று.

விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பி ஓடி வந்தான். எனக்கு முழங்கையும் முட்டியும் சிராய்ந்து ரத்தம், முன்சக்கரம் நெளிந்து பிரேக்கில் உரசியது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் என் கையைக் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"எங்க இருந்துச்சு?"

"இதோ, உன் காலுக்குக் கீழ."

குனிந்து பார்த்தான். "எங்கடா?"

அரை முழ அகலப் பள்ளம். தண்ணீர் நிறைந்து, ஓரத்தில் ஜல்லி பெயர்ந்து, குழந்தைக்குக்கூடத் தெரியும். அவன் ஒரு காலை மெல்ல நீட்டினான். ஷூ உள்ளே இறங்கியது. காலை எடுக்காமல் அப்படியே நின்றான்.

"கறுப்பா தெரியும்னு நெனச்சிருந்தேன் மச்சான். கறுப்பா தெரிஞ்சா அங்க எதோ இல்லன்னாவது தெரியும். எனக்கு இங்க ரோடு தெரியுதுடா. நல்ல வழவழன்னு ரோடு. தெரியாத எடத்த மூளையே ரொப்பிக்கும்னு டாக்டர் சொன்னாரு. நான்தான் கேட்டுக்கல."

"விடுடா. எனக்கு ஒண்ணும் ஆகல."

"விழுந்தா நான் விழுவேன்னுதான் வந்தேன். பின்னாடி வர்றவனத் தள்ளுவேன்னு தோணவே இல்ல."

சொல்லிவிட்டு அழுதான். ஐம்பது வயது ஆண்பிள்ளை, ஹெல்மெட்டோடு, நடுரோட்டில். எனக்கும் தாங்கவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியாதவன் நான். பாட்டிலில் இருந்த தண்ணீரால் என் முழங்கையைக் கழுவச் சொன்னேன், அதையாவது செய்யட்டும் என்று.

அதற்குப் பிறகு அவன் சைக்கிளில் ஏறவில்லை. மீதித் தூரம் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே நடந்தோம். பழைய சீவரத்தில் குன்று ஆற்றின் விளிம்புக்கே வந்து நிற்கிறது. எதிர்க்கரை திருமுக்கூடல், பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடம். பாலத்தின் நடுவில் நின்றோம், பத்தரை மணி இருக்கும். நல்ல மழைக்காலம்தான், ஆனாலும் ஆறு எதிர்க்கரை ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் ஓடியது. மற்றதெல்லாம் மணல், முட்புதர், மணல் அள்ளிய குழிகளில் தேங்கிய தண்ணீர். ஜெபராஜ் வழக்கம்போலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தண்ணி எவ்ளோ போவுது? உண்மையச் சொல்லு. எனக்கு ரெண்டு கரையும் தொட்டுத் தெரியுது."

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். "ஓரமா கொஞ்சம். மீதி மணலு."

"அப்ப நான் பாக்கறதுதான் நல்ல ஆறு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்காமலேயே இருந்திருக்கலாம்.

வாலாஜாபாத் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனோம்; அங்கே சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய குட்டி யானை வேன் ஒன்று கிடைத்தது. டிரைவர் பம்மல்காரர், எண்ணூறு ரூபாய்க்குப் பேசி சைக்கிள்களைப் பின்னால் கட்டினோம். என் முழங்கையைப் பார்த்து, "இன்னா சார், யாரு இட்சது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெபராஜ் சொன்னான்: "நான்தான் பள்ளத்த பாக்கல. எனக்குக் கண்ணு சரியா தெரியாது."

பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை, சர்ச்சில் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஆளிடம் முதல்முறையாகச் சொன்னான். டிரைவர் கியரை மாற்றினார்.

"கண்ணு தெர்லன்னா வூட்ல குந்திகினு கீறத வுட்டு இன்னாத்துக்கு சார் இந்த பேஜாரு?"

"ஆத்தப் பாக்க வந்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

ஒரகடத்தின் தொழிற்சாலை மதில்கள், படப்பை, மண்ணிவாக்கம். முடிச்சூர் பக்கம் அடையாற்றைக் கடந்தோம். மழை பலத்தால் வீட்டுக்குள் வரும், மற்ற நாளில் சாக்கடையாகக் கிடக்கும் எங்கள் ஆறு. ஆற்றைப் பார்க்க நூறு கிலோமீட்டர் சுற்றப் போன நாங்கள், வாராவாரம் தாண்டுகிற இதற்காக ஒருநாளும் சைக்கிளை நிறுத்தியதில்லை. இதைச் சொல்லலாம் என்று திரும்பினேன். ஜெபராஜ் கண்ணை மூடிக்கொண்டிருந்தான், தூங்கவில்லை.

வீட்டு வாசலில் மறுபடியும் தூறல். மெர்சி முதலில் அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். அப்புறம் என் முழங்கையைப் பார்த்தாள்.

"முன்னாடி யாரு போனது?"

நான் தலையைக் குனிந்தேன். "நான்" என்றான் ஜெபராஜ். "போதும் மெர்சி. இதோட போதும்."

மெர்சி அவன் கையிலிருந்து சைக்கிளை வாங்கி, வலக்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தாள். வாசற்படி வந்ததும் திரும்பிப் பார்க்காமலேயே இடக்கையைத் தாழ்த்தி விரலால் காட்டினாள், அச்சாக எங்களைப் போலவே.

"படி" என்றாள். இரண்டடி போய், "இடது பக்கம் செருப்பு கெடக்கு" என்றாள். அப்புறம், "ஸ்டூல்."

ஒரு தடுமாற்றம் இல்லை. இன்றைக்குக் கற்றுக்கொண்டது போல இல்லை. எத்தனை மாதமாக அந்த வீட்டுக்குள் இப்படி நடக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. ஜெபராஜ் ஒரு சக்கர இடைவெளி விட்டு, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனான்.